கட்டெறும்புப் புழுக்கள் வளரவே மாட்டேன் என்கின்றன, என்ன செய்ய?

குலசேகரத்துக்காரர்:
ஆனி மழையில் இறக்கை உதிர்த்துத் திரிந்த கட்டெறும்பு ராணியைப் பிடித்து டெஸ்ட் டியூபில் வைத்திருக்கிறேன். அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு, வாயிலும் பஞ்சு. வேலைக்கார எறும்புகள் வந்துவிட்டன, ஆனால் எல்லாம் குட்டை. தேன் சொட்டு வைத்தால் வயிற்றுப் பட்டைகள் விலகி இடுக்கில் தேன் நிறம் தெரியும்வரை குடிக்கின்றன. புழுக்கள் மட்டும் நொய்யரிசி அளவிலேயே நிற்கின்றன. முட்டைகளும் குறைகின்றன. வீட்டில் அம்மா வேறு, பலாமரக் கதவைத் தின்றுவிடும் என்று ஒரே சத்தம்.

தக்கலை அண்ணாச்சி:
குட்டையாக இருப்பது சரிதான் தம்பி. முதல் ஈட்டை ராணி இரை தேடாமல், தன் இறக்கைத் தசையையும் கொழுப்பையும் கரைத்து ஊட்டி வளர்க்கும். பெருந்தலை எறும்புகள் கூட்டம் பெருகின பிறகுதான் வரும். அடிக்கடி டார்ச் அடித்துப் பார்க்கிறீர்களோ? மிரண்டால் ராணி முட்டையைத் தின்னும். கறுப்புத் துணி சுற்றி, வாரம் ஒருதரம் பாருங்கள்.

மார்த்தாண்டத்துக்காரர்:
தேன் மட்டும் கொடுத்தால் இப்படித்தான். அது வளர்ந்த எறும்பு ஓடியாடத் தெம்பு. புழு வளர இறைச்சி வேண்டும். மழை விட்ட ராத்திரி விளக்கடியில் விழும் ஈசல் போதும். இறக்கையைக் கிள்ளி, வெந்நீரில் முக்கி, நறுக்கி வையுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நம்மூர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது. அப்புறம், ஒரு சிட்டிகை மணல் தூவுங்கள். வளர்ந்த புழுவை எறும்புகள் மணலால் மூடும். அந்தப் பிடிமானத்தில்தான் அது கூடு நெய்யும்.

நாகர்கோவில்காரர்:
அம்மாவிடம் சொல்லுங்க மக்கா, மரத்தைத் தின்பது கரையான். கட்டெறும்பு சேர்ந்த தச்செறும்பு இனம் மரத்தைத் தின்னாது, குடியிருக்கக் குடையும், அதுவும் பெரும்பாலும் ஈரத்தில் உளுத்த மரத்தில். நம்மூர்க் கறுப்புக் கட்டெறும்புக்கு மரமே வேண்டாம், தென்னை மூட்டு மண் போதும். உண்மையான எதிரி சிற்றெறும்பு. தேன் வாசனைக்கு வரிசை கட்டி வந்து கூட்டையே காலி பண்ணிவிடும். டியூபை ஒரு கிண்ணத்தின்மேல் வைத்து, கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

குலசேகரத்துக்காரர்:
ஈசல் வேலை செய்கிறது! இரண்டு புழுக்கள் கூடு கட்டிவிட்டன. ஆனால் தண்ணீர்ப் பஞ்சு கறுத்துவிட்டது. மாற்றட்டுமா?

தக்கலை அண்ணாச்சி:
பஞ்சைப் பிடுங்காதீர்கள், தண்ணீர் பாய்ந்துவிடும். புது டியூபை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். புதியதை இருட்டாக்கி, பழையதை வெளிச்சத்தில் விட்டால் தாமாகவே குடிபெயரும். சில நாள் ஆகும், தட்டி விரட்டாதீர்கள்.