மேடுபள்ளத்தில் ஓடும் ஜீப்: தரையை வளைக்கவா, வண்டியை ஆட்டவா?

புதுத்தூரிகை:
சின்ஃபிக் ஸ்டுடியோ என்ற 2டி அனிமேஷன் மென்பொருளில் பக்கவாட்டுக் காட்சி ஒன்று செய்கிறேன். காட்டுப் பாதையில் ஜீப் போக வேண்டும். ஜீப் திரையின் நடுவில் இருக்கும், தரை ஃப்ரேமுக்கு 20 பிக்சல் வீதம் பின்னால் ஓடும். நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 240 பிக்சல். இப்போது தரை வெறும் நேர்கோடு என்பதால் வண்டி தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிகிறது. கரடுமுரடான பாதை என்று எப்படி நம்பவைப்பது?

24ஃப்ரேம்:
தரையில் கை வைக்க வேண்டாம். ஜீப்பை ஒரு குரூப்பில் போட்டு, அதன் இடத்தை 'காம்போசிட்' ஆக (எக்ஸ், ஒய் எனத் தனித்தனியாக) மாற்றி, மேல்கீழ் அசைவான ஒய்க்கு மட்டும் 'ரேண்டம்' (தாறுமாறாக மாறும் மதிப்பு) கொடுங்கள். அசைவின் அளவான ரேடியஸைச் சின்னதாக வையுங்கள். வண்டி குலுங்கினால் பாதை மோசம் என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்வார். பத்து நிமிட வேலை.

கோட்டுக்காரன்:
இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. முழு வண்டியும் ஒன்றாக மேலும் கீழும் போனால் அது குலுக்கலாகத்தான் தெரியும், மேடாகத் தெரியாது. மேடு என்பது முன் சக்கரம் முதலில் ஏறி, அதே ஏற்றம் பின் சக்கரத்துக்குத் தாமதமாக வருவது. உங்கள் கணக்கிலேயே பாருங்கள்: 240 பிக்சலை 20 ஆல் வகுத்தால் 12 ஃப்ரேம், சரியாக அரை நொடி. அந்த அரை நொடிதான் மேட்டைக் காட்டுகிறது. முன் சக்கரம் 15 பிக்சல் ஏறினால் பாடி சுமார் மூன்றரை டிகிரி பின்னால் சாய வேண்டும். அரை நொடி கழித்து அதே அளவு முன்னால் கவிழ வேண்டும். ரேண்டம் இதைத் தராது.

செய்முறை: தரையை ஸ்ப்லைனாக (வளைகோடாக) வரைந்து நிலையாக வையுங்கள். இரு சக்கர மையங்களையும் 'லிங்க் டு ஸ்ப்லைன்' மூலம் கோர்த்து கோட்டில் எவ்வளவு தூரம் வந்தது என்று காட்டும் 'அமவுன்ட்' மதிப்பை நகர்த்துங்கள். 'ஹோமோஜீனியஸ்' டிக் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வளைவுகளில் வேகம் மாறும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு எதிர்த்திசையில் நகர்த்தினால் ஜீப் நடுவிலேயே நிற்கும்.

24ஃப்ரேம்:
கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சக்கரங்கள் கோட்டின் நீளத்தை அளந்து நகரும், நேர்த்தூரத்தை அல்ல. 60 பிக்சல் அகலம், 15 உயரத்தில் ஒரு முக்கோண மேடு வைத்தால் கோடு 7 பிக்சல் நீண்டுவிடும். இரு சக்கரங்களுக்கும் நடுவில் அந்த மேடு வரும்போது அவை 7 பிக்சல் நெருங்கும். சக்கர இடைவெளி குறுகி விரியும் ஜீப்பை யார் நம்புவார்கள்? இன்னொன்று, கூரான பள்ளம் வந்தால் சக்கரம் தரைக்குள் புகுந்துவிடும்.

பின்னணி_ஓவியர்:
இருவரும் சக்கரத்தையே பார்க்கிறீர்கள். சக்கரம் தரையைத் தொடும் இடத்தை மறையுங்கள். ஜீப்புக்கு முன்னால் புல், கல், மண்திட்டு கொண்ட ஒரு லேயர் ஃப்ரேமுக்கு 30 பிக்சல் ஓடட்டும், தூரத்து மலை 2 பிக்சல் போதும். நிழலுருவப் படங்கள் எடுத்த ஜெர்மன் கலைஞர் லோட்டே ரைனிகர் 1920களிலேயே கண்ணாடித் தட்டுகளை அடுக்கி இப்படித்தான் ஆழம் காட்டினார். நிழலையும் கவனியுங்கள். வண்டிக்குக் கீழே தட்டையான நீள்வட்ட நிழல் இருந்தால், மேலே என்ன ஆட்டினாலும் தரை சமம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கோட்டுக்காரன்:
நிழல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் முன் லேயர் ஆழத்தைத்தான் தரும், மேட்டைத் தராது. வழவழப்பான நெடுஞ்சாலை ஓரத்திலும் புல் இருக்குமே.

24ஃப்ரேம் சொன்ன பள்ளப் பிரச்சினை உண்மையானது. அதற்கு வழி இரண்டு கோடுகள். கண்ணுக்குத் தெரியும் தரையில் கல்லும் வெடிப்பும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். சக்கர மையம் போக வேண்டிய பாதை தனிக் கோடு, ரெண்டரில் (இறுதிப் படத்தில்) தெரியாதது. தன் விட்டத்தைவிட மிகக் குறுகிய, ஆழமான பள்ளத்தின் அடியைச் சக்கரம் தொடாது. இரு விளிம்பிலும் உட்கார்ந்து கொஞ்சம்தான் இறங்கும். அதனால் அந்த மறைகோடு தரையைவிட மிதமாகவே ஏறி இறங்கும், நீள வித்தியாசமும் 7 பிக்சலிலிருந்து வெகுவாகக் குறையும். மிச்சத்தை மட்கார்டு மறைத்துவிடும். பாடி மட்டும் சக்கரத்துக்கு இரண்டு ஃப்ரேம் பின்தங்கி வந்தால் ஸ்பிரிங்கும் தெரியும்.

புதுத்தூரிகை:
தரையின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப, லூப்பில் ஓடவிட நினைக்கிறேன். ஒட்டும் இடத்தில் வண்டி துள்ளுமா?

கோட்டுக்காரன்:
தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது, சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கோட்டின் சாய்வைத் தீர்மானிக்கும் டேன்ஜென்ட்டைக் கிடைமட்டமாக வைப்பது எளிது. எல்லோரும் கவனிக்கும் பெரிய மேட்டை லூப்பில் வைக்காதீர்கள், மறுபடி வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

24ஃப்ரேம்:
இரண்டு கோடு யோசனை பிடித்திருக்கிறது, கிட்டத்துக் காட்சிக்கு அதையே செய்யுங்கள். ஆனால் ரேண்டமைத் தூக்கிப் போடச் சொல்வதை ஏற்கமாட்டேன். இதே ஜீப் எட்டில் ஒரு பங்கு அளவில், தூரத்தில் போனால் 15 பிக்சல் மேடு 2 பிக்சல்கூட வராது. அங்கே ஸ்ப்லைன் கோர்த்துக்கொண்டு உட்காருவது வீண் உழைப்பு. கிட்டத்திலும் ஸ்டியரிங், கண்ணாடி, பின்னால் கட்டிய கேன் இவற்றின் சின்ன அதிர்வுக்கு ரேண்டம்தான் சரி.

கோட்டுக்காரன்:
கேனுக்குக் கொடுங்கள், சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்.