புதுப்பிப்பு: சங்கத்தை இணைத்தோம், மரண உதவிப் பணத்தை இணைக்கவில்லை

இலங்கையின் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மாலை வகுப்பும் மரண உதவியும் நடத்தும் எங்கள் சங்கத்தை, மலையகம் முழுக்க இயங்கும் ஒரு தொண்டு வலையமைப்போடு இணைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கணக்கை முதலில் பிரித்துப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதுதான் கைகொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) பொதுக்கூட்டம். வகுப்பை ஒப்படைப்பதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. வலையமைப்பிடம் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், புத்தகமும் இருக்கிறது. சண்டை மரண உதவிப் பணத்தில்தான். அது லயம் லயமாக, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போய் மாதாமாதம் சேர்த்த காசு. "ராத்திரி ஒரு சாவு விழுந்தா பெட்டி வாங்க யார்கிட்ட கையெழுத்துக்கு ஓடுறது?" என்று ஓர் அக்கா கேட்டார். வலையமைப்பிலிருந்து வந்திருந்த அதிகாரி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார், பதில் வரவில்லை.

வலையமைப்பு, தன்னார்வச் சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவானது. வகுப்பு இனி அதன் பெயரில் நடக்கும். எங்கள் சங்கத்தைக் கலைக்கவில்லை. பிரதேச செயலகப் பதிவு அப்படியே இருக்கும், மரண உதவிக்கு மட்டும். வங்கிக் கணக்கிலும் பழைய மூன்று கையெழுத்துதான். என்னைக் கேட்டால், முழு இணைப்பைவிட இதுவே நல்லது.

போட்டோகொப்பி மெஷின் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.