பிரிட்டனில் பேட்ஜர் (வளை தோண்டி வாழும் இரவு மிருகம்) பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

எடின்பரோவிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் கெய்ர்ங்கார்ம்ஸ் மலைப் பக்கம், அவீமோரை ஒட்டிய ரோதிமுர்க்கஸ் காட்டில், ராத்திரி மிருகங்களைப் பார்ப்பதற்கென்றே கட்டிய மரக்குடிலில் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். பலகை அறை, முன்பக்கம் கண்ணாடி, வெளியே மங்கலாக ஒரு விளக்கு, அவ்வளவுதான். வழிகாட்டி எங்களை உட்காரவைத்துவிட்டு வெளியே போய், கற்களுக்கு அடியிலும் கட்டைகளின் ஓட்டைகளிலும் வேர்க்கடலையைத் திணித்து, உயரத்தில் ஒரு பலகையில் ஜாம் தடவி, முட்டை ஒன்றும் வைத்துவிட்டு வந்தார்.

அங்கே அந்த மாதத்தில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிறது, அதற்கப்புறமும் சரியாக இருட்டுவதில்லை, ஆகையால் இருட்டட்டும் என்று பேட்ஜர் காத்திருந்தால் அதற்குப் பட்டினிதான், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறது. முதலில் மூக்கு. புதருக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, மேலும் கீழும் ஆட்டி மோப்பம் பிடித்து, திருப்தியான பிறகுதான் அந்த வெள்ளை முகமும் கண்ணின் மேலாகக் காது வரை ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகளும் வெளியே வந்தன. நான் நினைத்ததைவிடக் குட்டைக் கால், அகலமான உடம்பு. முன்னங்காலின் நீள நகத்தை ஒரு கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினது பாருங்கள், நான் இரண்டு கையாலும் தூக்க யோசிக்கும் கல், அது பாட்டுக்குப் புரண்டது. கடலையைக் கடிக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

அதற்குக் கண் பார்வை சுமார்தான், காதும் மூக்கும்தான் எல்லாம். சென்ட் வேண்டாம், சரசரக்கிற ஜாக்கெட் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் பக்கத்தில் ஒருவர் பையின் வெல்க்ரோவைப் பர்ரென்று பிரித்தார். தலை நிமிர்ந்தது, அடுத்த நொடி ஆளைக் காணோம். குடிலில் யாரும் எதுவும் பேசவில்லை, ஆனால் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நல்லவேளை, அப்புறம் அது திரும்பி வந்தது, கூடவே இன்னொன்றும். கடைசியில் பைன் மார்ட்டன் ஒன்று, மரநாய் மாதிரி மரமேறும் ஒரு சின்ன மிருகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே தாவலில் பலகை மேல் ஏறி ஜாமை நக்கிவிட்டு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு போனது. தொண்டையிலுள்ள வெளிர்மஞ்சள் திட்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம், அதைப் பார்த்தே வழிகாட்டி இது இன்ன பெண் என்று சொல்லிவிட்டார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் குடிலைத்தான் சொல்வேன்.

டெவனிலிருந்து:

அக்கா, குடில் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலை போட்டுக் கூப்பிட்டால் அது தின்பதை மட்டும்தான் பார்க்க முடியும். வளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதன் குடித்தனமே தெரியும். நான் சூரியன் மறைவதற்கு முன்பே போய், காற்று வளையிலிருந்து என் பக்கம் வீசுகிற மாதிரி இடம் பார்த்து, தடித்த மரத்தில் முதுகைச் சாய்த்துவிடுவேன். காற்று மாறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் வெளியே வந்ததும் அது செய்கிற முதல் வேலை சொறிவது, வாசலிலேயே உட்கார்ந்து வயிற்றை அவ்வளவு நேரம் சொறியும், பார்க்கிற நமக்கே அரிக்கும்.

ஒரு சாயங்காலம் படுக்கை மாற்றுவதைப் பார்த்தேன். காய்ந்த புல்லையும் பெரணியையும் வாரிச் சேர்த்து, முன்னங்காலுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வளைக்குள் போனது. பாதி வழியில் சிந்தியதை எடுக்க மறுபடி வந்தது. இதைக் கண்ணாடி அறையிலிருந்து பார்க்க முடியாது. ஒன்று, வளை வாசலில் போய் நிற்காதீர்கள். குடியிருக்கும் வளையில் தொந்தரவு செய்வது 1992-ஆம் ஆண்டுப் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே குற்றம்.

கென்ட்டிலிருந்து:

நீங்களெல்லாம் தேடிப் போகிறீர்கள், என் வீட்டுக்கு அதுவே வருகிறது! மழை பெய்த இரவில் வயலில் நூற்றுக்கணக்கில் மண்புழு கிடைப்பதால் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வெயில் காய்ந்து மண் இறுகினால் புழு ஆழத்துக்குப் போய்விடும், உடனே எங்கள் புல்தரையைக் கிளறி வண்டுப் புழுவைத் தேட ஆரம்பித்துவிடும். காலையில் பார்த்தால் பாயைச் சுருட்டின மாதிரி புல் கிடக்கும். வீட்டுக்காரருக்குக் கோபம், எனக்கு அகச்சிவப்பு கேமரா வாங்க ஒரு சாக்கு. அதில் நரியும் வருகிறது. நரிதான் ஒதுங்கி நிற்கிறது, பேட்ஜர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. உப்புக் கடலை மட்டும் யாரும் வைக்காதீர்கள். டெவன் தம்பி, அந்த வளை எந்த ஊர்? பிள்ளைகளைக் கூட்டிவர ஆசை.

டெவனிலிருந்து:

ஊர் பெயரைப் பொதுவில் எழுத மாட்டேன் அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம். நாயை விட்டுப் பேட்ஜரைக் கடிக்கவைத்து வேடிக்கை பார்க்கும் கும்பல் இன்னும் இருக்கிறது. பேட்ஜர் மாட்டுக்குக் காசநோய் பரப்புகிறது என்று காரணம் காட்டி 2013-இல் அரசு அனுமதியோடு அவற்றைச் சுட ஆரம்பித்ததிலிருந்து, பால்மாடு வைத்திருப்பவர்களுக்கும் பேட்ஜர் பிரியர்களுக்கும் இடையில் பேச்சே சூடுதான். உங்கள் பக்கத்திலேயே பேட்ஜர்களைப் பாதுகாக்கும் குழு இருந்தால் கேளுங்கள், தெரிந்தவர்கள் கூட்டிப்போனால்தான் நல்லது. மே மாதக் கடைசியில் போங்கள், குட்டிகள் வெளியே வந்து ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருக்கும். வெல்க்ரோ பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.