கன்ட்ரோலர் போர்ட்ல பச்சை படியுது, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. கீழக்கரையில ஃபைட்டிங் கேம் போட்டி, 8 பிசி. ஒரே ஹால்ல அத்தனை போனோட ப்ளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல முட்டிக்கும், அதனால வயர்லெஸ் வேண்டாம்னு முடிவு. வயர்லயும் போலிங் ரேட் (பிசி கன்ட்ரோலரை செகண்டுக்கு எத்தனை தடவை கேட்குதுங்கிறது) 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒருக்காதான் சிக்னல் போகும். 1000 ஹெர்ட்ஸ்னா 1. செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடுற கேம்ல ஒரு ஃபிரேமே (திரையில வர்ற ஒரு படம்) 16.7 மில்லிசெகண்டுதானே, 8ங்கிறது பெரிய இழப்பு.

இப்ப சிக்கல் உப்புக்காத்து. கன்ட்ரோலரோட டைப்-சி போர்ட் பின்கள்ல பச்சைக் களிம்பு படிஞ்சு, கேபிள் லேசா அசைஞ்சாலே கனெக்‌ஷன் விட்டுப்போகுது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நைலான் பிரஷ் வச்சுத் தேய்ச்சா சரியாகுது, ஆனா திரும்பப் படியுது.

ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் போர்ட் மாத்தி சால்டரிங் பண்ற ஆள் தெரியுமா? காண்டாக்ட் கிளீனர்ல பிளாஸ்டிக்கை அரிக்காதது எது? 3 மீட்டர் கேபிள், சும்மா சார்ஜ் மட்டும் ஏத்துறது இல்லாம டேட்டாவும் போறது, எங்க கிடைக்கும்?