சஸ்பென்ஸ்: ‘தவிப்பு’ என்று வழங்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

திரைப்படங்களில் நாம் ‘சஸ்பென்ஸ்’ என்பதற்குத் ‘தவிப்பு’ என்ற தமிழ்ச்சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு எழுந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

> ‘மர்மம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வழக்கில் இருக்கிறது, ஐயா. ஆனால் மர்மம் என்றால் பார்க்கிறவனுக்கும் தெரியாதது. சஸ்பென்ஸ் பிறப்பதோ, பெரும்பாலும், பார்க்கிறவனுக்கு விஷயம் தெரிந்துவிட்ட பிறகுதான். திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது அவர் கொடுத்த விளக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டை முன்னாலேயே நமக்குக் காட்டிவிட்டு, மேசையைச் சுற்றி இருப்பவர்களைச் சும்மா பேசவிட்டால், அதே பேச்சு பதினைந்து நிமிடம் நம்மைப் பாடாய்ப்படுத்தும். ‘எழுந்து ஓடுங்களேன்!’ என்று உள்ளுக்குள் கத்துகிறோம். அவர்கள் காதில் விழாது.

இந்த நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு: தவிப்பு. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் கிடப்பது.

> சஸ்பென்ஸின் லத்தீன் மூலச்சொல்லுக்குத் ‘தொங்குதல்’ என்றுதானே பொருள்? ‘தொங்குநிலை’ எனலாமே.

லத்தீன் வேரை மொழிபெயர்ப்பதால் பயனில்லை. ‘தொங்கு சட்டமன்றம்’ என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்டன. ‘தொங்குநிலைக் காட்சி’ என்றால் யாரோ கயிற்றில் ஊசலாடுவதாகத்தான் தோன்றும்.

> தவிப்பது கதாபாத்திரம் அல்லவா? பார்வையாளன் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. இதற்காகவே ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வை (1954) மறுபடி பார்த்தேன். கால் முறிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் ஜெஃப், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்; அங்கே ஒரு கொலை நடந்திருப்பதாக அவனுக்குச் சந்தேகம். அவன் காதலி லிசா அந்த வீட்டுக்குள் நுழைந்து தடயம் தேடிக்கொண்டிருக்கும்போதே கொலைகாரன் திரும்பி வருகிறான். ஜெஃபுக்குத் தெரிகிறது, தடுக்க முடியவில்லை. திரையரங்கில் நாம் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். பாத்திரமும் பார்வையாளனும் ஒரே நாற்காலியில் தவிக்கிறார்கள்.

அவருடைய ‘சைக்கோ’வில் (1960) இன்னும் விந்தை. விடுதி நடத்தும் நார்மன், கொலையை மறைக்கப் பிணத்தோடு காரைச் சதுப்பில் தள்ளுகிறான். பாதி மூழ்கிய கார் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஐயோ, மூழ்காமல் போய்விடுமோ என்று குற்றத்தை மறைப்பவனுக்காக நாம் பதறுகிறோம்! நல்லவனா கெட்டவனா என்று தவிப்பு பார்ப்பதில்லை.

அவருடைய ‘வெர்டிகோ’வும் (1958) என் கட்சிக்குச் சான்று. அதன் மூல நாவல், நாயகி உண்மையில் யார் என்ற ரகசியத்தைக் கடைசிவரை காக்கிறது. ஹிட்ச்காக் படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே உடைத்துவிட்டார். மர்மத்தைக் கொடுத்துத் தவிப்பை வாங்கிக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்தை ‘மர்மம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதவே முடியாது. எனக்கு இரண்டு சொல்லும் தேவைப்படுவது இதனால்தான்.

> ‘தவிப்பு’ அன்றாடச் சொல். கலைச்சொல்லுக்குரிய இறுக்கம் இல்லை.

‘விசை’யும் ‘வேலை’யும் அன்றாடச் சொற்கள்தாமே? இயற்பியல் அவற்றை எடுத்து இறுக்கிக்கொண்டது. இங்கே அன்றாட வழக்கே பலம். கிராமத்தில் ‘தண்ணி தவிக்குது’ என்பார்கள். தவிப்பு தீர வேண்டியது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஹிட்ச்காக்கின் ‘சபட்டாஜ்’ (1936) இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஒரு சிறுவன் வெடிகுண்டு என்று அறியாமலே பொட்டலத்தைச் சுமந்து பேருந்தில் போகிறான், இடையிடையே கடிகாரங்கள். கடைசியில் குண்டு வெடித்து அவன் இறந்துபோகிறான். அப்படி முடித்தது பிழை என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தவிக்கவிட்டுத் தீர்க்காமல் போனதுதான் அங்கே நடந்த பிழை. ‘தவிப்பு தீர்த்தல்’ என்று அதையும் ஒரு சொல்லாக்கிக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: சஸ்பென்ஸ் – தவிப்பு, அதை உண்டாக்கும் உத்தி – தவிப்பூட்டல், அத்தகைய காட்சி – தவிப்புக் காட்சி. மர்மம், அதிர்ச்சி, திகில் மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. ‘தவிப்புப் படம்’ என்று சொல்லிப் பார்த்தால், காதலர் பிரிவைச் சொல்லும் படம்போல ஒலிக்கிறது. ‘தவிப்பூட்டும் படம்’ சற்று நீளம். வகைப்பெயருக்கு இதைவிடக் கச்சிதமான வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.