பாராபங்கி விவசாயிகளுக்கு மெந்தா எண்ணெயில் வருமானம் கூட, எதில் கை வைப்பது?

லக்னோ_குமரன்:
ஊர் விருதுநகர் பக்கம், இப்போது உத்தரப் பிரதேசம் பாராபங்கியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் வேலை. இங்கே உருளையோ கடுகோ எடுத்த நிலத்தில் மெந்தா என்ற மெந்தால் எடுக்கும் புதினா வகையை நட்டு, நெல் நடவுக்கு முன்னால் அறுத்து எண்ணெய் வடித்து விற்கிறார்கள். நாங்கள் பழகும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஒரு ஏக்கருக்கும் குறைவு. எங்களுக்குக் கொஞ்சம் நிதி வந்திருக்கிறது, ஊருக்குப் பொதுவாக எண்ணெய் வடிக்கும் டாங்கி ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். டாங்கிக்காரருக்குக் கொடுக்கும் வாடகை மிச்சமாகும், சரி, ஆனால் எண்ணெய் விலையே விழுந்துவிட்டால் டாங்கியை வைத்து என்ன செய்வது? இந்தப் பணத்தில் வேறு எதைச் செய்தால் அவர்கள் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பார்_பாத்தி:
டாங்கி இருக்கட்டும், முதலில் நடவைப் பாருங்கள். கோதுமை அறுத்துவிட்டு ஏப்ரலில் நடுபவர்கள் அங்கே நிறைய பேர். அப்படி நட்டால் மழை இறங்கும்போது பயிர் வயலிலேயே நிற்கும், தண்ணீர் தேங்கி இலை கொட்டிவிடும், எண்ணெய் இருப்பதே இலையில்தான். உங்களுக்குப் பக்கத்தில் லக்னோவிலேயே சீமாப் இருக்கிறது, மருத்துவ, நறுமணப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம். வேர்த்துண்டை நேராக வயலில் புதைக்காமல் நாற்றங்காலில் முளைக்க வைத்து, பிப்ரவரியிலேயே பார் பிடித்து நாற்றாக நடும் முறையை அவர்கள்தான் பரப்பினார்கள். வேர்த்துண்டு குறைவாகப் பிடிக்கும், தண்ணீரும் மிச்சம், அறுவடையும் மழைக்கு முந்திவிடும். கோசி, சிம்-கிராந்தி ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். ஜனவரி கடைசியில் அவர்கள் நடத்தும் கிசான் மேளாவுக்குப் போனால் நடவுப் பொருளும் கிடைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 100 முதல் 150 கிலோ எண்ணெய் வரும், அதாவது ஏக்கருக்கு 40 முதல் 60.

சென்ட்டுக்கடை:
மும்பையில் வாசனைப் பொருள் கொள்முதலில் இருந்தவன் என்பதால் விலைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 2012இல் மெந்தா எண்ணெய் கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது, ஊரே மெந்தா நட்டது, 2014இல் பார்த்தால் ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. அந்தப் பெரிய ஏற்ற இறக்கத்தில் எம்சிஎக்ஸ் என்ற பண்டச் சந்தையில் நடந்த முன்பேர வியாபாரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம். அதைவிட முக்கியம், மெந்தால் செடியிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. ஜெர்மனியின் பாஸ்ஃப், ஜப்பானின் தகாசாகோ எல்லாம் ஆலையிலேயே செய்கின்றன. இயற்கை மெந்தால் விலை ஏறினால் பற்பசை, மிட்டாய் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் விலை ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு நல்ல விஷயம், எண்ணெய் தக்காளி மாதிரி அழுகாது. தண்ணீரை நன்றாகப் பிரித்து, ட்ரம்மில் விளிம்புவரை நிரப்பி, வெயில் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். வசதி உள்ள விவசாயி அப்படித்தான் வைத்திருந்து, கல்யாணத்துக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார்.

கிணற்றடி:
இல்லாதவர் என்ன செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள் சார். ஏப்ரல், மே வெயிலில் வாரத்துக்கு ஒரு தண்ணீர் விட வேண்டும், டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்தால் அதுவே பெரிய செலவு. களையெடுப்புக்கு வீட்டுப் பெண்களின் உழைப்பு வேறு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த டீசல் செலவுக்கு மெந்தா எண்ணெய் வாங்கும் வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருப்பார், எல்லாரும் ஒரே நேரத்தில் வடித்துச் சந்தையில் எண்ணெய் குவிந்திருக்கும் ஜூனிலேயே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். குமரன், உங்கள் நிதியை அந்த இடத்தில் போடுங்கள். எண்ணெயை விவசாயிகள் குழுவின் பொறுப்பில் வாங்கி வைத்து, அதன் மேல் கடன் கொடுங்கள். மெந்தாவையே இன்னும் அதிக நிலத்தில் நடச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், நிலத்தடி நீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் இடங்களில் அது பேரன் பங்கை எடுத்துக் குடிப்பது.

திண்டுக்கல்_பாலு:
நடுவில் ஒரு சந்தேகம், எங்கள் பக்கம் புதினா நன்றாக வருகிறதே, நாங்களும் எண்ணெய் வடிக்கலாமா?

பார்_பாத்தி:
வேண்டாம் பாலு. பிரியாணிக்குப் போடும் புதினாவின் எண்ணெயில் பெரும்பங்கு கார்வோன் என்ற வேறு வாசனைப் பொருள், மெந்தால் அல்ல. இவர்கள் நடுவது வேறு இனம், மெந்தா ஆர்வென்சிஸ். வாங்கும் வியாபாரிகளும் சந்தௌசி, சம்பல், பாராபங்கி என்று அந்தப் பக்கம்தான். கட்டு கட்டிச் சந்தைக்கு அனுப்புவதே உங்களுக்கு லாபம்.

லக்னோ_குமரன்:
நன்றி. கிணற்றடி சொன்ன முன்பணக் கதை அப்படியே எங்கள் ஊரில் நடப்பது. இருப்பு வைத்துக் கடன் கொடுப்பதைப் பற்றிக் கூட்டத்தில் பேசுகிறேன். ஒருவர் கலப்படம் செய்து கொண்டுவந்தால் மொத்த ட்ரம்மும் போய்விடுமே?

சென்ட்டுக்கடை:
ஒவ்வொருவர் எண்ணெயையும் தனிக் கேனில் பெயர் எழுதி வையுங்கள், கலக்கவே கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி சோதனைக்குக் கொடுங்கள், மெந்தால் எத்தனை சதவீதம், வேறு ஏதாவது சேர்த்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சோதனைச் சீட்டோடு போனால் வியாபாரி விலையைக் குறைக்கவும் யோசிப்பார்.

பார்_பாத்தி:
டாங்கி போட்டே ஆக வேண்டும் என்று மேலே அடம்பிடித்தால், குளிர்விக்கும் பகுதியையாவது துருப்பிடிக்காத எஃகில் செய்யச் சொல்லுங்கள். அங்கே பழைய இரும்பு டாங்கிகளில் குளிர்நீர் சூடேறிப் போய், பாதி ஆவி எண்ணெயாகாமலே வெளியே போவதைப் பார்க்கலாம். எரிபொருளுக்குக் கவலையில்லை, வடித்த தழையைக் காயவைத்து அதையே எரிக்கிறார்கள். மெந்தா முடிந்ததும் டாங்கி சும்மா கிடக்காமல் இருக்க, மேட்டு நிலத்தில் கொஞ்சம் எலுமிச்சைப் புல் நடச் சொல்லுங்கள், அதற்குத் தண்ணீரும் குறைவு.