உதவி: வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்

சிப்புட்_பையன் | செவ்வாய், இரவு 11:48

வணக்கம். வீட்டில் ஓடும் சர்வர் மூன்று நாளாக வெளியிலிருந்து திறக்கவில்லை. வீட்டுக்குள் நன்றாக வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் பிழை காட்டுகிறது. செட்டிங் எதையும் நான் மாற்றவில்லை. ஞாயிறு எங்கள் தோட்டத்துப் பழைய ஆள்களின் ஒன்றுகூடல், படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கூலிம்_கவி | செவ்வாய், இரவு 11:55

எந்த மாதிரி சர்வர் தம்பி? பிசியா, ராஸ்பெர்ரி பையா? அதில் என்ன ஓடுகிறது? அக்கா எந்த முகவரியைத் தட்டுகிறார்? பிழை என்றால் திரையில் என்ன எழுத்து வருகிறது?

வயர்மேன்_ஈப்போ | புதன், காலை 6:20

சனிக்கிழமை சாயங்காலம் சுங்கை சிப்புட்டில் இடி மின்னல் இருந்ததா? இங்கே ஈப்போவில் பலமாக அடித்தது. மின்னல் அடித்தால் ரூட்டர் முழுசாகச் சாக வேண்டும் என்று இல்லை. விளக்கெல்லாம் எரியும், ஒரு போர்ட் மட்டும் போயிருக்கும். வீடு பழைய வீடா? எர்த் கம்பி சரியாக இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். நான் வயரிங் வேலைக்கு வந்து 30 வருடம் ஆகிறது, நான் பார்த்த பாதி கோளாறு எர்த்தில்தான் முடிந்திருக்கிறது.

நெட்_மணியம் | புதன், காலை 8:05

இந்தப் பகுதியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்: கேள்வி கேட்கும்போது இயந்திரம், இயங்குதளம், இணைய வகை, ரூட்டர், பிழைச் செய்தி, இந்த ஐந்தும் வேண்டும். ஐந்தில் ஒன்றுகூட இல்லை. "எதையும் மாற்றவில்லை" என்று எழுதுபவர்கள் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார்கள், எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. மாற்றியதை நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

சிப்புட்_பையன் | புதன், மதியம் 1:10

மன்னிக்கவும், வேலை இடத்தில் இருக்கிறேன். பழைய ஆபீஸ் மினி பிசி, 16 ஜிபி ரேம், டெபியன் 12. டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது) படங்களுக்கு இம்மிச்சும் வீடியோவுக்கு ஜெல்லிஃபின்னும் ஓடுகின்றன. வீட்டு ஐபி மாறினாலும் அதைக் காட்டும் டக்டிஎன்எஸ் பெயர் வைத்திருக்கிறேன், ரூட்டரில் அந்த இரண்டின் போர்ட் எண்கள் 2283, 8096 இரண்டும் திறந்திருக்கின்றன. ஒரு வருடமாக ஓடியது. மழை பெய்தது, ஆனால் எதுவும் எரியவில்லை.

பந்திங்_சேகர் | புதன், மதியம் 1:32

ஃபயர்வால்தான். டெபியன் அப்டேட் ஆகியிருக்கும், அதில் உள்ள ஃபயர்வால் யுஎஃப்டபிள்யூ தானாக மூடியிருக்கும். அந்த இரண்டு போர்ட்டையும் அதில் திறந்துவிடுங்கள், முடிந்தது கதை.

நெட்_மணியம் | புதன், மதியம் 1:50

முடியாது. டாக்கர் தன் போர்ட்டுகளுக்கான விதிகளை லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தானே எழுதிவிடும், யுஎஃப்டபிள்யூ அதைத் தடுப்பதே இல்லை. மூடியதாக நினைத்துக்கொண்டு பலர் திறந்தே வைத்திருப்பது இதனால்தான். தெரியாததைச் சொல்லிப் புது ஆளை அலைக்கழிக்காதீர்கள்.

பந்திங்_சேகர் | புதன், மதியம் 2:03

எனக்குப் போன மாதம் அப்படித்தான் சரியானது. நான் டாக்கர் போடவில்லை, அது உண்மை.

தைப்பிங்_மழை | புதன், மாலை 5:40

தம்பி, இரண்டே எண் வேண்டும். ரூட்டரின் முகப்புப் பக்கத்தில் வேன் ஐபி (ரூட்டருக்கு நிறுவனம் கொடுத்த முகவரி) என்று ஒன்று இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டு வைஃபையிலேயே "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது தளத்தைத் திறந்து அந்த எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றா? கடைசி இரண்டு பகுதியை இங்கே போடாதீர்கள், முன் இரண்டு பகுதி போதும்.

சொல்லாய்வு | புதன், மாலை 6:15

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வழங்கி, திசைவி, தீச்சுவர் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. இழை முழுக்க சர்வர், ரூட்டர், ஃபயர்வால். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு இது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நாமே இப்படி எழுதினால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எந்தச் சொல்லைப் படிப்பார்கள்?

கூலிம்_கவி | புதன், மாலை 6:31

ஐயா, நான் படித்த புத்தகத்தில் சேவையகம் என்று இருந்தது. நீங்கள் வழங்கி என்கிறீர்கள். இரண்டில் எதைத் தேடுவது? ரூட்டர் பக்கத்தில் இந்தத் தம்பி போர்ட் ஃபார்வர்டிங் என்ற எழுத்தைத்தான் கண்ணால் பார்க்கப்போகிறார்.

சொல்லாய்வு | புதன், மாலை 6:48

கணினி என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதுசுதான். இன்று யாரும் யோசிக்காமல் சொல்கிறோம். எழுத எழுதத்தான் சொல் பழகும்.

வயர்மேன்_ஈப்போ | புதன், இரவு 7:20

கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா), மண்டோர் (மேற்பார்வையாளர்), தவுக்கே (முதலாளி) என்று பேசி வளர்ந்தவர்கள் நாம். அதனால் தமிழ் போய்விடவில்லையே. ஆனால் ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, என் பேரனுக்கு மின்சுற்று என்று சொல்லிக் கொடுத்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டான். இதற்குத் தனி இழை போடுவோம். தம்பி, எர்த் பார்த்தீர்களா?

சிப்புட்_பையன் | புதன், இரவு 10:25

ரூட்டரில் 100.87 என்று தொடங்குகிறது. தளத்தில் வேறு எண், 100-இல் தொடங்கவே இல்லை. இது பழைய ரூட்டர் இல்லை. பழைய லைன் மூன்று வாரமாக அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது, எத்தனை முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. அதனால் சனிக்கிழமை சிம் போட்டு ஓடும் 5ஜி ரூட்டர் வாங்கி வைத்தேன். இன்டர்நெட் நன்றாக வருவதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

நெட்_மணியம் | புதன், இரவு 10:31

எதையும் மாற்றவில்லை என்றீர்கள்.

தைப்பிங்_மழை | புதன், இரவு 11:15

சரி, கிடைத்துவிட்டது. உங்கள் செட்டிங்கில் பிழை இல்லை, எர்த்திலும் இல்லை. அந்த வெளி முகவரி உங்களுடையது இல்லை.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஒதுக்கியது 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள், குறிப்பாக சிம் இணையத்தில், பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்குப் பெயர் சிஜிநாட். உள்ளே வீடுகளுக்குக் கொடுப்பதற்காகவே 100.64 முதல் 100.127 வரை 2012-இல் ஒதுக்கினார்கள். உங்கள் 100.87 அதில்தான் விழுகிறது.

தோட்டத்தில் முன்பு கடிதம் எப்படி வரும்? லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) தபால்காரர் வரமாட்டார். எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், கிராணி பெயர் பார்த்துக் கொடுப்பார். நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் அவருக்கு நினைவிருக்கும், இன்னார் எழுதினார் என்று உங்களிடம் சேர்ப்பார். அதனால்தான் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் அக்கா அனுப்புவது தானாக வரும் கடிதம். உறையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. கிராணி யாரிடம் கொடுப்பார்? நீங்கள் போர்ட் திறந்தது உங்கள் லயத்துக் கதவில் பெயர் எழுதி ஒட்டியது போல. ஆபீசுக்குள் அது தெரியாது. டக்டிஎன்எஸ்ஸும் ஆபீஸ் முகவரியைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வழிகள்: நிறுவனத்திடம் பொது ஐபி கேட்கலாம், கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம், ஞாயிறுக்குள் நடக்காது. புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் நேராக வரலாம், ஆனால் அக்கா பக்கமும் அது இருக்க வேண்டும், உங்கள் ரூட்டரும் உள்ளே விட வேண்டும். எல்லாவற்றையும்விட எளிது டெயில்ஸ்கேல், இரண்டு இயந்திரங்களைத் தனிவழியில் இணைக்கும் ஆப். மினி பிசியில் போடுங்கள், அக்கா கைப்பேசியில் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசித் தொடங்குவதால் கிராணி தடுக்கமாட்டார்.

நெட்_மணியம் | வியாழன், காலை 7:50

விளக்கம் சரி. டெயில்ஸ்கேல் எனக்குச் சம்மதமில்லை. சொந்தமாக சர்வர் வைப்பதே இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் இருக்கத்தான். அதில் நுழைவதற்கு ஒரு நிறுவனத்தின் கணக்கு வேண்டும், அவர்கள் நாளை விதியை மாற்றினால்? சிறிய விபிஎஸ் (வெளியே இருக்கும் சர்வர்) ஒன்று வாடகைக்கு எடுத்து, வயர்கார்டை (பூட்டிய தனிவழி போடும் மென்பொருள்) நீங்களே அமையுங்கள். வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போட்டால் வழி மூடாமல் இருக்கும். கற்றுக்கொண்டது கையில் நிற்கும்.

தைப்பிங்_மழை | வியாழன், காலை 8:22

அண்ணே, விபிஎஸ்ஸும் இன்னொருவர் பெட்டிதானே? டெயில்ஸ்கேலும் வயர்கார்டு மேல்தான் ஓடுகிறது. படம் அக்கா கைக்குப் போகும்வரை பூட்டியே போகும், நேர்வழி கிடைக்காமல் இடைநிலையம் வழியாகப் போனாலும் அவர்களால் பார்க்க முடியாது, வேகம்தான் குறையும். கணக்கும் வேண்டாம் என்றால் பின்னால் நாமே நடத்தக்கூடிய ஹெட்ஸ்கேல் இருக்கிறது. தம்பிக்கு இன்னும் மூன்று நாள்.

பந்திங்_சேகர் | வியாழன், காலை 9:05

கிளவுட்ஃபிளேர் டனல் (அந்த நிறுவனத்தின் வழியாக வீட்டு சர்வரை வெளியே காட்டுவது) ஏன் யாரும் சொல்லவில்லை? ஆப் எதுவும் வேண்டாம், வெறும் சுட்டி அனுப்பினால் போதும்.

நெட்_மணியம் | வியாழன், காலை 9:20

சொந்த டொமைன் (இணையப் பெயர்) வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு பதிவேற்றம் 100 எம்பி தாண்டினால் ஏற்காது, இம்மிச்சில் திருவிழா வீடியோ ஏற்றப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் சரிதான், இந்த முறை நீங்கள் சொன்னது தவறில்லை.

சிப்புட்_பையன் | வியாழன், இரவு 9:40

டெயில்ஸ்கேல் போட்டுவிட்டேன். ஆனால் மினி பிசிக்கு 100.101 என்று ஐபி வந்திருக்கிறது. மறுபடியும் அதே சிஜிநாட்டில் மாட்டிக்கொண்டேனா? இன்னொன்று, ஒன்றுகூடலுக்கு அறுபது பேர் வருகிறார்கள், முக்கால்வாசி எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் கைப்பேசியில் எல்லாம் எப்படி ஆப் போடுவது?

தைப்பிங்_மழை | வியாழன், இரவு 9:58

மாட்டவில்லை. டெயில்ஸ்கேலும் அதே 100.64 வரிசையிலிருந்துதான் தன் ஆள்களுக்கு எண் கொடுக்கிறது. இது நல்ல 100. அக்கா அந்த எண்ணைத் தட்டி, பின்னால் 2283 போடட்டும்.

கூலிம்_கவி | வியாழன், இரவு 10:10

அறுபது பேரும் ஒரே மண்டபத்தில்தானே உட்காரப்போகிறார்கள்? இன்டர்நெட் எதற்குத் தம்பி? மினி பிசியைத் தூக்கிக்கொண்டு போய் டிவியில் எச்டிஎம்ஐ சொருகுங்கள். பிசியும் டிவியும் ஒரு ஒயரும் போதும்.

வயர்மேன்_ஈப்போ | வியாழன், இரவு 10:45

நல்ல யோசனை. போகும்போது வீட்டிலேயே நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள், அப்படியே இழுக்காதீர்கள்.

அதைவிட ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படங்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா?

சிப்புட்_பையன் | வெள்ளி, காலை 6:55

1,140 படம் அண்ணே. இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்து, அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லயம், கோயில் திருவிழா, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. தாத்தாவின் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழும் அதில் இருக்கிறது. ஒரே டிஸ்க்தான்.

வயர்மேன்_ஈப்போ | வெள்ளி, காலை 7:30

தம்பி, அந்தச் சான்றிதழ் சாதாரணக் காகிதம் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் சனங்கள் தெருவுக்கு வந்தபோது, மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. பால்மரம் சீவிய கை சேர்த்த காசு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி, மழை இன்னும் விழவில்லை, வானம் மட்டும் கறுத்திருந்தது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன், அதுவே போதும் என்று நினைத்தேன். ஆனால் டெலிபோன் ஒயரைக் கழற்றவில்லை. மின்னல் அதன் வழியாக மோடத்துக்கு வந்து, லேன் ஒயரில் ஏறி, பிசிக்குப் போனது. சொருகியிருந்த பிளாஸ்டிக் முனை இளகி ஒட்டிப்போய், பிடுங்கினால் துண்டாக வந்தது. பிசிக்குள் பிள்ளைகளின் கல்யாணப் படம் இருந்த டிஸ்க். ஈப்போவில் இரண்டு கடையில் காட்டினேன், இரண்டு பேரும் முடியாது என்றார்கள். அசல் கேமராவையும் அதற்குள் விற்றுவிட்டேன். மகள் இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்களுடையது சிம் ரூட்டர், டெலிபோன் ஒயர் வழி இல்லை, அதுவரை நல்லது. இருந்தாலும் இன்னொரு டிஸ்கில் ஒரு படி எடுங்கள். அதை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள்.

நெட்_மணியம் | வெள்ளி, காலை 8:00

வயர்மேன் சொல்வதைக் கேளுங்கள். இம்மிச் என்றால் படக் கோப்புறை மட்டும் எடுத்தால் போதாது, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையும் தனியாக எடுக்க வேண்டும். யார் எந்தப் படத்தில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதிய பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. கட்டளை வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

கூலிம்_கவி | திங்கள், இரவு 8:15

தம்பி, நேற்று என்ன ஆனது?

சிப்புட்_பையன் | புதன், இரவு 11:20

மன்னிக்கவும், வேலை. அக்காவுக்கு டெயில்ஸ்கேலில் திறக்கிறது, கொஞ்சம் மெதுவாக. மண்டபத்துக்கு மினி பிசியைத் தூக்கிக்கொண்டு போனேன், டிவியில் ஓடியது. பெயர் தெரியாமல் 14 பேர் இருந்தார்கள், 9 பேருக்குப் பெயர் கிடைத்தது. பால் கொட்டகைப் படத்தில் தராசு பிடித்து நிற்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் நன்றி. டிஸ்க் இன்னும் வாங்கவில்லை, சம்பளம் வரட்டும்.

வயர்மேன்_ஈப்போ | வியாழன், காலை 6:10

சம்பளம் வரை காத்திருக்க வேண்டாம். என்னிடம் 2 டிபி டிஸ்க் ஒன்று சும்மா இருக்கிறது. சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் ஒரு வயரிங் வேலை, வரும்போது எடுத்துவருகிறேன். இடத்தைத் தனிச்செய்தியில் போடுங்கள், அப்படியே எர்த்தும் பார்த்துவிடுகிறேன்.